ட்ரூபல் 10: புதிய பக்கம் எனக்குத் தெரிகிறது, வெளியில் ‘ஆக்சஸ் டினைடு’

துறைவலை
வணக்கம். பல்கலைக்கழகத் தளம் ட்ரூபல் 10 என்ற இணையதள மேலாண்மை மென்பொருளில் ஓடுகிறது. துறைக்கு ஒரு எடிட்டர் கணக்கு உண்டு. ‘கன்டென்ட்’, ‘ஆட் கன்டென்ட்’, ‘பேசிக் பேஜ்’ என்று போய், ஆராய்ச்சித் திட்டங்களுக்கு ஒரு புதுப் பக்கம் போட்டு சேவ் செய்தாகிவிட்டது. லாகின் செய்திருந்தால் திறக்கிறது, லாகின் இல்லாமல் போனால் ‘ஆக்சஸ் டினைடு’ வருகிறது. துறை மெனுவிலும் பக்கத்தைக் காணோம். ‘மெனு செட்டிங்ஸ்’ என்று ஒரு பகுதி இருக்கும் என்கிறார்கள், என் திரையில் அது இல்லை. தலைப்பு தமிழில் இருப்பதால் முகவரி வாயில் நுழையாத ஆங்கில எழுத்துக் கோவையாக வந்திருக்கிறது. வேர்டிலிருந்து ஒட்டிய அட்டவணையில் பாதி ஆங்கில எழுத்தாகக் கொட்டிக் கிடக்கிறது. நாக் (உயர்கல்வி நிறுவனங்களைத் தரமதிப்பிடும் தேசிய அமைப்பு) மதிப்பீட்டுக்கு இந்த இணைப்பைக் கொடுக்க வேண்டும். எதிலிருந்து தொடங்குவது?

கணினிமையம்
பக்கத்தை வெளியிடுவது, முகவரி கொடுப்பது, மெனுவில் சேர்ப்பது ஆகிய மூன்றுக்கும் ட்ரூபலில் தனித்தனி அனுமதி. ‘சேவ்’ அழுத்தினால் மூன்றும் நடந்துவிடும் என்று நினைப்பதால்தான் இந்தக் குழப்பம்.

சேவ் பொத்தானுக்கு மேலே ‘சேவ் அஸ்’ என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் ‘டிராஃப்ட்’ இருந்தால் உங்களுக்கும் அனுமதி உள்ளவர்களுக்கும் மட்டுமே பக்கம் தெரியும். ‘பப்ளிஷ்டு’ என்று மாற்றிச் சேமியுங்கள். பட்டியலில் ‘பப்ளிஷ்டு’ என்பதே இல்லையென்றால் வெளியிடும் உரிமை உங்கள் கணக்குக்கு இல்லை. சரிபார்ப்பவர் ஒருவர்தான் வெளியிட வேண்டும். வெளியானதா என்பதை இன்காக்னிட்டோ சாளரத்தில் பாருங்கள். லாகின் செய்த நிலையில் பார்ப்பது எதையும் நிரூபிக்காது.

மெனு செட்டிங்ஸ் தெரியாததற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ‘அட்மினிஸ்டர் மெனூஸ்’ அனுமதி இல்லாத கணக்குக்கு அந்தப் பகுதி காட்டப்படாது; துறை எடிட்டர்களுக்குப் பெரும்பாலும் அதைக் கொடுக்க மாட்டார்கள், ஏனென்றால் அது தளம் முழுவதன் மெனுவையும் திறந்துவிடும். அல்லது ‘பேசிக் பேஜ்’ வகைக்கு உங்கள் துறை மெனுவை யாரும் இணைத்திருக்க மாட்டார்கள். இரண்டையும் வெப் அட்மின்தான் சரிசெய்ய முடியும். ஒரு மெனுவுக்கு மட்டும் உரிமை தரும் தனி மாட்யூல் (ட்ரூபலில் சேர்க்கும் கூடுதல் நிரல்) உண்டு, அதைப் போடச் சொல்லிக் கேளுங்கள்.

பகுதி தெரிந்த பிறகு ‘பிரவைட் எ மெனு லிங்க்’ டிக் செய்து, ‘பேரன்ட் லிங்க்’ இடத்தில் எதன் கீழே வர வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுங்கள். ‘வெயிட்’ எண் சிறியதாக இருந்தால் மேலே வரும்.

எழுத்துரு
அட்டவணை விஷயம் ட்ரூபலில் நீங்கள் ஒட்டும் எழுத்துப் பெட்டியின் கோளாறு இல்லை. அந்த வேர்டு கோப்பு பாமினியிலோ வானவில்லிலோ அடித்ததாக இருக்கும். அவை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துருக்கள். ஒட்டும்போது எழுத்துரு கழன்றுவிட, அடியில் இருந்த ஆங்கிலம் வெளியே வருகிறது. மெய்யெழுத்தின் புள்ளி வர வேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளியாக இருந்தால் பாமினி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என்எச்எம் கன்வெர்ட்டர் என்ற எழுத்துரு மாற்றியில் மூல எழுத்துருவைச் சரியாகத் தேர்ந்தெடுத்து யூனிகோடுக்கு மாற்றுங்கள். கோப்பு முழுவதையும் ஒரேயடியாகப் போடாதீர்கள்: மின்னஞ்சல் முகவரி, ஆய்விதழ்ப் பெயர் போன்ற உண்மையான ஆங்கிலமும் தமிழாகிக் குழம்பிவிடும். தமிழ் நெடுவரிசையை மட்டும் எடுத்து மாற்றி, கண்ட்ரோல்+ஷிஃப்ட்+வி கொண்டு ஒட்டுங்கள். அட்டவணையின் முதல் வரிசையை ‘ஹெடர் ரோ’ ஆக்கினால் திரைவாசிப்பான்கள் எந்த எண் எந்தத் தலைப்புக்குரியது என்று சொல்லும். உள்தலைப்புகளை ‘ஹெடிங் 2’ இலிருந்து தொடங்குங்கள், ‘ஹெடிங் 1’ பொதுவாகப் பக்கத் தலைப்புக்குப் போயிருக்கும்.

நிரல்பாதை
முகவரிக்கு வருவோம். ‘பாத்ஆட்டோ’ மாட்யூல் தமிழ்த் தலைப்பை ஒலிபெயர்த்து ஆங்கில எழுத்தாக்குகிறது. ‘யூஆர்எல் அலியாஸ்’ (பக்கத்துக்கு இடும் முகவரி) பகுதியில் ‘ஜெனரேட் ஆட்டோமேட்டிக்’ டிக்கை எடுத்துவிட்டு, துறையின் சுருக்கப் பெயர், சாய்கோடு, பக்கத்தின் சிறிய ஆங்கிலப் பெயர் என்று கையால் இடுங்கள். சிறிய எழுத்துகள், சொற்களுக்கு நடுவே கழிக்குறி, இடைவெளி கூடாது. ஆண்டைச் சேர்க்காதீர்கள், அடுத்த ஆண்டும் இதே பக்கத்தைத்தான் புதுப்பிக்கப் போகிறீர்கள்.

துறைவலை
முகவரியைத் தமிழிலேயே வைத்தால் என்ன? தமிழ்ப் பக்கம்தானே.

நிரல்பாதை
வேலை செய்யும், உலாவியில் அழகாகவும் தெரியும். நகலெடுத்து ஒட்டும்போதுதான் சிக்கல். இணைய முகவரிகளில் பயன்படும் யூடிஎஃப்-8 யூனிகோடு முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட், ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு 3 எழுத்தாகிவிடும். ‘ஆராய்ச்சி’ என்ற ஒரு சொல்லில் 9 குறிகள், ஆக 81 எழுத்து. படிவங்களிலும் எக்செல் பட்டியல்களிலும் இவ்வளவு நீளமானது நடுவில் வெட்டுப்படும். மதிப்பீட்டுக்குக் கொடுக்கும் இணைப்பில் அந்த ஆபத்து வேண்டாம் என்பேன். மற்றப் பக்கங்களுக்குத் தாராளமாக வையுங்கள்.

இன்னொன்று: இணைப்பைக் கொடுத்த பிறகு அலியாஸை மாற்ற நேர்ந்தால், ‘ரீடைரெக்ட்’ மாட்யூல் இருந்தால்தான் பழையது புதியதற்குத் திருப்பப்படும். இல்லாவிட்டால் ‘பக்கம் இல்லை’ என்ற 404 பிழைதான்.

துறைவலை
அட்மின் அனுமதி கொடுத்துவிட்டார், பக்கமும் வெளியாகிவிட்டது. மெனுவில் ‘ஆராய்ச்சி’யின் கீழே வைத்தேன். ஆனால் முகப்பில் அதன்மேல் சுட்டியை வைத்தால் எதுவும் விரியவில்லை. ‘ஆராய்ச்சி’ பக்கத்துக்குள் போனால் மட்டும் தெரிகிறது.

கணினிமையம்
மேல்நிலை இணைப்பைத் திருத்தி ‘ஷோ அஸ் எக்ஸ்பாண்டட்’ டிக் செய்யுங்கள். அது இல்லாவிட்டால் அந்தக் கிளைக்குள் இருக்கும்போதுதான் அதன் கீழுள்ள இணைப்புகள் காட்டப்படும். அதன்பிறகும் வராவிட்டால் மெனு பிளாக்கில் எத்தனை நிலை காட்ட வேண்டும் என்ற எண் 1 ஆக இருக்கும், அதை அட்மின் உயர்த்த வேண்டும்.

இதே இடத்தில் ஒரு பொறி. மேல்நிலைப் பக்கம் டிராஃப்டாக இருந்தால், கீழே உள்ள வெளியான பக்கங்களின் இணைப்புகளும் பார்வையாளருக்கு மறைந்துவிடும். நாளை யாராவது ‘ஆராய்ச்சி’ பக்கத்தை ‘ஆர்க்கைவ்டு’ ஆக்கினாலும் இதே கதைதான். மேலும், வெளியான பக்கத்துக்கு மேல் புது டிராஃப்ட் ஒன்று காத்திருக்கும்போது மெனுவையோ அலியாஸையோ மாற்றிச் சேமித்தால் பிழைச் செய்திதான் வரும். டிராஃப்டை வெளியிட்டுவிட்டு மாற்றுங்கள்.

எழுத்துரு
பிடிஎஃப் இணைப்புகளும் இருக்கும் அல்லவா? பழைய கோப்பைப் புதுப்பிக்க அதே பெயரில் மறுபடி ஏற்றினால், ட்ரூபல் மேலெழுதாது. பெயரின் இறுதியில் அடிக்கோடும் 0-வும் சேர்த்து வேறு கோப்பாக வைத்துக்கொள்ளும். பழைய இணைப்பு பழைய கோப்பையே திறந்துகொண்டிருக்கும். ‘மீடியா என்டிட்டி ஃபைல் ரீப்ளேஸ்’ மாட்யூல் இருந்தால் அதே முகவரியில் மாற்றலாம். அது இல்லையென்றால் மதிப்பீட்டுப் படிவத்தில் பிடிஎஃப் முகவரியைத் தராமல் பக்கத்தின் முகவரியைத் தாருங்கள். கோப்பு ஏறவே மறுத்தால் அளவைப் பாருங்கள்: ட்ரூபல் எழுதப்பட்ட பிஎச்பி மொழியின் இயல்பு வரம்பு 2 எம்பி, சர்வரில் யாரும் உயர்த்தாவிட்டால் அதுதான் உங்களுக்கும்.