புதுப்பிப்பு: டாக்சிவேயில் வழுக்கிய எங்கள் விமானம்

நாங்கள் வந்த விமானம் தரையிறங்கிய பின், டாக்சிவேயின் (ஓடுபாதையையும் விமானம் நிற்கும் இடத்தையும் இணைக்கும் பாதை) வளைவில் உறைபனியில் வழுக்கிப் புல்தரையில் இறங்கியதையும், விமானி வேகமாகத் திருப்பியதே அதற்குக் காரணம் என்று நான் கருதியதையும் முன்பு எழுதியிருந்தேன். ஆதாரமின்றிச் சொன்ன அந்தக் கருத்தைத் திரும்பப் பெறுகிறேன்.

விமானத்தின் எடையில் சிறு பங்கையே முன்சக்கரங்கள் தாங்குகின்றன. தரையில் திசைதிருப்பும் பொறுப்போ பெரும்பாலும் அவற்றினுடையது. ஆகவே அவை பனிக்கட்டியில் பிடிப்பை இழந்தால், சக்கரங்கள் முழுமையாகத் திரும்பியிருந்தாலும் விமானம் நேராகவே சறுக்கிச் செல்லும். ஜெட் என்ஜின்கள் மிகக் குறைந்த விசையில் இயங்கும்போதும் முன்னோக்கித் தள்ளிக்கொண்டே இருப்பதாலும், உயர்ந்த வால்பகுதியில் மோதும் பக்கக்காற்று மூக்கைக் காற்று வரும் திசைக்குத் திருப்புவதாலும், மெதுவாக ஊர்ந்து செல்லும் விமானம்கூடக் கட்டுப்பாட்டை இழக்கலாம். பிரேக் பிடிக்கையில் சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு மிகக் குறைந்த வேகத்தில் செயல்படாது என்பதை அறிந்தபோது, விமானியைக் குறைகூறியதற்காக உண்மையிலேயே வருந்தினேன்.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2021 நவம்பரில் நடைமுறைப்படுத்திய முறைப்படி, ஓடுபாதை எந்த அளவுக்கு வழுக்கும் என்பதைக் காட்ட, உலர்ந்த ஓடுபாதைக்கு 6 என்றும், பனிக்கட்டிக்கு 1 என்றும், ஈரமான பனிக்கட்டிக்கு 0 என்றும் குறியீடு தரப்படுகிறது. இக்குறியீடுகள் ஓடுபாதைக்கே உரியவை. டாக்சிவே மோசமாக இருந்தால் அது தனிக்குறிப்பாக மட்டுமே தெரிவிக்கப்படும். அங்கும் இதே அளவு நுணுக்கமான மதிப்பீடு வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பயணிகள் எவருக்கும் காயமில்லை. படிக்கட்டு வழியாக இறக்கிப் பேருந்தில் முனையத்துக்கு அழைத்துச் சென்றார்கள்.