எரிந்த கப்பலின் சவ்வரிசி

தீயை அணைத்தது வரை செய்தித்தாளில் வந்துவிடும். மறுநாள் வாளியும் மண்வெட்டியும் எடுத்துப் போனவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. இரசாயனத் தீக்குப் பிறகு துப்புரவு வேலைக்குப் போனவர்கள், கண்டதைக் கண்டபடி எழுதுங்கள். நானே தொடங்குகிறேன்.

நீர்கொழும்பு

2021 மே 20ஆம் திகதி கொழும்புக்கு வெளியே கடலில் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பிடித்தது. 25ஆம் திகதி வெடித்த பிறகுதான் எங்கள் பக்கத்துக்கும் கவலை வந்தது. கொள்கலன்கள் கடலில் சரிந்தன. அடுத்த நாட்களில் காலையில் கரைக்குப் போனவர்கள் சொன்னது ஒன்றே: யாரோ சவ்வரிசியை லொறி லொறியாகக் கொட்டியிருக்கிறார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் பிளாஸ்டிக் சாமான் செய்ய மூலப்பொருளாகும் சிறு வெள்ளை மணிகள்.

கோவிட் பயணத் தடை இருந்தும் சனம் கரையில்தான் நின்றது. கப்பல் சாமான் ஒதுங்கினால் பொறுக்குவது கடற்கரைப் பழக்கம். தொடவேண்டாம் என்று அறிவித்தார்கள், யார் கேட்டார்கள்? என் மாமா ஓர் உரப்பை நிறைய மணிகளை அள்ளி வந்தார். பிளாஸ்டிக்குத்தானே, விற்கலாம் என்றார். இரண்டு நாளில் அவருடைய முன்னங்கைகள் சிவந்து அரித்தன. மணியாலா, கடல் தண்ணீராலா என்று எந்த வைத்தியரும் உறுதியாகச் சொல்லவில்லை. மாமி அந்தப் பையை வீட்டுக்குள் வைக்கவிடாமல் வேலி ஓரத்துக்கு இழுத்துவிட்டார்.

முதலில் வெள்ளைப் பாதுகாப்பு உடுப்புப் போட்ட கடற்படையினர் வேலை செய்தார்கள். பிறகு ஊர் ஆட்களையும் கூலிக்கு எடுத்தார்கள். நான் போனது அப்போதுதான். மண்ணைச் சதுரமாகக் குறித்து, மேற்படையை மட்டும் பலகையால் வழித்து, அரிதட்டில் போட்டு அரிப்போம். அரித்ததைத் தண்ணீர்த் தொட்டியில் கொட்டினால் மணி மிதக்கும், மணல் அடியில் தங்கும். கேட்கச் சுலபமாக இருக்கிறது அல்லவா? பருவக்காற்றுக் கடல் சும்மா இருக்காது. நேற்று அரித்து முடித்த சதுரத்தின் மேல் இன்று காலையில் புதிதாக ஒரு வெள்ளைக் கோடு கிடக்கும். அரை முழம் தோண்டினால் மணலுக்கு அடியில் இன்னொரு படை. கடல் தானே மூடி வைத்திருக்கும்.

எரியாத மணியோடு போராடியது பெரிதல்ல. எரிந்ததுதான் பேய். உருகிக் கட்டியாகி, சாம்பல் நிறத்தில் கூழாங்கல் மாதிரியே கிடக்கும். கல் என்று நினைத்து விட்டுவிடுவோம். விரலால் நசுக்கினால் பொடியாகும்; அரிதட்டில் போட்டு ஆட்டினால் அந்தப் பொடி நல்ல மணலோடு கீழே இறங்கிவிடும். ஆகவே அதைக் கையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தனிப் பையில் போட வேண்டும். அந்தக் கப்பலில் 1,486 கொள்கலன்கள் இருந்தன. அவற்றில் 81இல் ஆபத்தான சரக்கு. எது எதோடு சேர்ந்து எரிந்தது என்று கரையில் குனிந்து நிற்பவனுக்கு எப்படித் தெரியும்? எரிந்த துண்டுகளில் இரசாயனச் சேர்மங்கள் அதிகம் என்று ஆராய்ச்சியாளர்கள் பின்னால் சொன்னார்கள். எங்களுக்கு அன்று தெரிந்தது, கையுறையைக் கழற்றினாலும் போகாத கருகல் வாடை மட்டுமே.

கடலில் கொட்டிய மணிகள் ஏறத்தாழ 1,680 தொன் என்று ஐ.நா. குழு கணக்குச் சொன்னது. நான் ஒரு நாளில் அரித்துச் சேர்த்தது ஒன்றரைப் பை. மீன்பிடிக்கவும் தடை விதித்திருந்தார்கள். கரைவலைக்காரர்கள் என் பக்கத்தில் நின்று அரிதட்டு ஆட்டினார்கள்.

திருவள்ளூர்

நான் தொழிற்சாலைப் பாதுகாப்பில் இருபது ஆண்டுகளாக இருப்பவன். நீர்கொழும்பு அண்ணன் சொன்ன கப்பலின் கதை எங்கள் பயிற்சி வகுப்புகளில் அடிக்கடி வரும். அதில் 25 டன் நைட்ரிக் அமிலம் இருந்தது. கசிவு தீக்கு முன்பே தெரிந்துவிட்டது. கத்தாரின் ஹமாத், குஜராத்தின் ஹசீரா இரண்டு துறைமுகங்களிலும் ஒழுகிய கொள்கலனை இறக்கக் கப்பல்காரர்கள் கேட்டார்கள். இறக்க வசதி இல்லை என்ற பதில்தான் வந்தது. ஒழுகும் பாத்திரத்தை யாரும் தங்கள் வீட்டு முற்றத்தில் வைக்க விரும்புவதில்லை.

என் அனுபவம் சிறியது. ஒரு தொழிற்பேட்டையில் கரைப்பான் கிடங்கு ஒன்று இரவில் எரிந்தது. காலையில் நாங்கள் போனோம். தரையில் அமிலம் தேங்கியிருந்தது. நல்லெண்ணத்தோடு ஒரு மேஸ்திரி, பக்கத்து மரக்கடையிலிருந்து இரண்டு மூட்டை மரத்தூள் கொண்டுவந்து இறக்கினார். உறிஞ்சிக்கொள்ளுமாம்! நைட்ரிக் அமிலத்தின் மேல் மரத்தூளைப் போட்டால், அணைந்த தீ மறுபடி பிறக்கும். நான் கத்திய கத்தலில் அவர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. உலர்ந்த மணலால் கரை கட்டி, அமிலத்தை முறிக்கும் சோடா ஆஷைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, நுரை அடங்கும் வரை பொறுத்து, அமிலம் எவ்வளவு மிச்சம் என்று நிறத்தால் காட்டும் பி.எச். தாளை நனைத்துப் பார்த்து, மறுபடி தூவி, அன்றைய பகல் முழுவதும் அதிலேயே போயிற்று.

அடுத்தது டிரம்கள். லேபிள் எல்லாம் கருகிவிட்டது. இருப்புப் பதிவேடு எங்கே என்றால், அது இருந்த அலுவலக அறையும் எரிந்துவிட்டது என்கிறார்கள். பிரதியை வேறு இடத்தில் வைக்கத் தோன்றவில்லை. வயிறு உப்பிய டிரம்மைப் பார்த்தால் தட்டக் கூடாது, உருட்டக் கூடாது, வெயிலில் விடக் கூடாது. தொலைவில் நின்று, பொறி பறக்காத வெண்கலக் கருவியால் துளை போட்டு அழுத்தத்தை இறக்கினோம். பெயர் தெரியாத ஒவ்வொன்றிலும் பட்டாணி அளவு எடுத்து, தண்ணீரோடு சண்டை போடுகிறதா, அமிலமா, காரமா என்று பார்த்துப் பிரித்தோம். இரண்டு டிரம்களைச் சேர்த்து ஒன்றாக்கி லாரிச் செலவைக் குறைக்கலாமே என்று முதலாளி கேட்டார். பதில் சொல்லாமல் அந்த மரத்தூள் மூட்டையைக் காட்டினேன்.

ஆனால் எங்களை உண்மையில் தோற்கடித்தது தீயணைத்த தண்ணீர். இரவு முழுவதும் அடித்த நீர் கிடங்கிலிருந்த அத்தனையையும் கழுவிக்கொண்டு மழைநீர்க் கால்வாயில் இறங்கியிருந்தது. 1986 நவம்பர் 1இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் அருகே சாண்டோஸ் கிடங்கு எரிந்தபோதும் இதே கதை: அணைத்த தண்ணீர் பூச்சிக்கொல்லிகளோடு ரைன் ஆற்றில் இறங்கி, ஆறு சிவந்து, நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு விலாங்குகள் செத்து மிதந்தன. தீயணைப்பு நீரைப் பிடித்து வைக்கும் தொட்டி வேண்டும் என்ற பேச்சு ஐரோப்பாவில் வலுத்தது அதற்குப் பிறகுதான். எங்கள் கிடங்கில் அப்படி ஒரு தொட்டி வரைபடத்தில் இருந்தது. தரையில் அந்த இடத்தில் காவலாளியின் சைக்கிள் கொட்டகை நின்றது.

கால்வாயில் மணல் மூட்டை அடுக்கியபோது பாதி நீர் போய்விட்டது. மீதியைக் குழாய் போட்டு உறிஞ்சி, கால்வாய் மண்ணையும் ஓரடி வழித்து, எல்லாவற்றையும் கும்மிடிப்பூண்டி அபாயக் கழிவு மையத்துக்கு அனுப்பினோம். ஒரு நடைக்கு ஏழு நிறத்தில் ஏழு படிவப் பிரதிகள். அந்த ஏழு நிறங்களும் இன்றும் கனவில் வருகின்றன.

இராமேசுவரம்

நாங்கள் பார்த்தது தீ அல்ல. 2025 மே மாதம் கொச்சி அருகே எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் மூழ்கிய பிறகு, எங்கள் தனுஷ்கோடிக் கரைக்கும் அதே வெள்ளை மணிகள் வந்தன. கன்னியாகுமரியிலும் அள்ளினார்கள், மன்னாரிலும் அள்ளினார்கள் என்று கேள்விப்பட்டோம். நாங்கள் பொறுக்கியவை எல்லாம் வெள்ளையாகவே இருந்தன. எரிந்த கட்டி எதுவும் என் கண்ணில் படவில்லை. நீர்கொழும்பு அண்ணனிடம் ஒரு கேள்வி: நாட்பட்டால் வெள்ளை மணி மஞ்சளாகிறதே, அதையும் தனியாகப் பிரிக்க வேண்டுமா? உங்கள் மாமா எப்படி இருக்கிறார்?

நீர்கொழும்பு

மஞ்சள் வெயிலால் வருவது, தம்பி. நாங்கள் அதை வெள்ளையோடுதான் போட்டோம். கறுப்பையும் சாம்பலையும் மட்டும் பிரித்தோம். மெல்லிய சத்திரசிகிச்சைக் கையுறை போதாது, கிழிந்துவிடும். முழங்கை வரை வரும் தடித்த ரப்பர் உறைதான் தாங்கும். உள்ளே வியர்த்து ஊறும், அரை மணிக்கொரு தரம் கழற்றி உலர்த்துங்கள்.

மாமா கடலுக்குப் போகிறார். 2025 ஜூலையில் எங்கள் நாட்டின் உச்ச நீதிமன்றம், கப்பல் தரப்பு நூறு கோடி டொலர் இழப்பீடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்த அன்று, அந்த உரப்பையை வேலி ஓரத்தில் தேடினாராம். மாமி அதை எப்போதோ துப்புரவுக்காரர்களிடம் கொடுத்துவிட்டார். சாட்சிக்கு வைத்திருந்ததை ஏன் கொடுத்தாய் என்று இன்னும் சண்டை நடக்கிறது.