கொரோனா காலத்துல எஃப்சி (வண்டி ஓடத் தகுதியா இருக்குன்னு ஆர்டிஓ ஆபீஸ்ல குடுக்கற சான்று) காட்டப் போனவங்க அனுபவம் சொல்லுங்க

முதுநகர் ஏஸ்:
மீன் லோடு அடிக்கிற டாடா ஏஸ். எஃப்சி 2020 ஜனவரி கடைசியில முடிஞ்சுது. வண்டி டிங்கரிங்ல கெடக்கும்போதே மார்ச் 25 ஊரடங்கு வந்துடுச்சு. ஆகஸ்ட்ல ஆன்லைன்ல ஸ்லாட் போட்டு, கூட்டம் சேர்றதுக்கு முன்னாடியே போய் நின்னேன். அப்பாவுக்கு டயாலிசிஸ், அதான் அவ்வளவு பயம். பிரேக் இன்ஸ்பெக்டர் நல்லாத்தான் நடந்துக்கிட்டார். கண்ணாடிய ஏத்திட்டு உள்ளயே உட்காருன்னுட்டு, தள்ளி நின்னு கையால காட்டுனார். ஹெட்லைட், இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன், முடிஞ்சுது. ஆனா சேஸிஸ் நம்பர் மேல பேப்பரை வச்சு பென்சிலால தேய்ச்சு பிரிண்ட் எடுக்க வந்த பையன், மாஸ்க்கை தாடைக்கு இறக்கி விட்டுட்டு "பேப்பரை அழுத்திப் பிடிங்கண்ணே"ன்னான். ரெண்டு பேர் தலையும் ஒட்டினாப்புல கீழ குனிஞ்சிருக்கு. அவன் தேய்க்கத் தேய்க்க மூச்சு என் கன்னத்துல படுது. நடுவுல இருமினான். அப்பாவுக்கு ஒண்ணும் ஆகல. ஆனா ரொம்ப நாள் நான் திண்ணையிலதான் படுத்தேன்.

பாகூர்க்காரன்:
என்னோடது பிஒய் 01, புதுச்சேரி பதிவு டாக்சி. ஊரடங்கு போட்டப்போ வண்டி கடலூர் மஞ்சக்குப்பத்துல மாமனார் வீட்டுல மாட்டிக்கிச்சு. எஃப்சி காட்டணும்னா முள்ளோடை எல்லையைத் தாண்டி புதுச்சேரிக்குத்தான் வரணும். தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்ன காவலர் என் ஃபோனைத் தொடவே இல்ல. ஸ்லாட் ரசீதுல இருக்கற வண்டி நம்பரை சத்தமா படிக்கச் சொன்னார். பின்னாடி ஆம்புலன்ஸ் ஹாரன், நான் கத்திக் கத்திப் படிக்கிறேன். இப்பவும் அந்தப் பக்கம் போனா அந்த நம்பர்தான் வாயில வருது.

வேன் ஓனர், நெல்லிக்குப்பம்:
முதுநகர் அண்ணே, நீங்க போயிருக்கவே வேண்டாம். முடிஞ்ச எஃப்சியும் செல்லும்னு, முதல்ல 2020 ஜூன் 30 வரைக்கும்னாங்க, அப்புறம் செப்டம்பர் 30, டிசம்பர் 31, இப்படியே தள்ளித் தள்ளி 2021 அக்டோபர் 31 வரைக்கும் மத்திய அரசு நீட்டிச்சுது. என் ஸ்கூல் வேன் வீட்டு வாசல்லயே நின்னுச்சு. பேட்டரி செத்து, பிரேக் இறுகிப் போச்சு, அவ்வளவுதான் என் கதை. ஆனா எல்லாரும் ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. நீட்டிப்பு எஃப்சி, பர்மிட், ஆர்சி, லைசென்ஸ் மாதிரி பேப்பருக்குத்தான், இன்சூரன்ஸுக்கு இல்ல. அதுக்கு ஆரம்பத்துல மட்டும், மார்ச் 25ல இருந்து மே 3க்குள்ள முடிஞ்சா மே 15 வரைக்கும் கட்டலாம்னு விட்டாங்க. எஃப்சிதான் தள்ளிப் போச்சேன்னு இன்சூரன்ஸையும் விட்டுட்டு ரோட்டுல ஓட்டினவங்க எத்தனை பேர்! ஒரு ஆளு மேல மோதியிருந்தா குடும்பமே நடுத்தெருவுக்கு வந்திருக்கும். நிக்கற வண்டியையும் வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி, முன்னயும் பின்னயும் நகர்த்தி விடுங்க. ஹேண்ட் பிரேக் போட்டு வைக்காதீங்க, சக்கரத்துக்குக் கல்லு குடுங்க.

முதுநகர் ஏஸ்:
வேன்காரரே, நான் எழுதினதை முழுசா படிங்க. 2020 பிப்ரவரி 1ல இருந்து முடிஞ்ச பேப்பருக்குத்தான் நீட்டிப்பு. என்னோடது ஜனவரி. மீன் வண்டியை வாசல்ல நிறுத்தி வச்சா அப்பாவோட டயாலிசிஸுக்கு யார் காசு குடுப்பா? பிரிண்ட்டை வண்டிக்காரனே வீட்டுல எடுத்துக் கொண்டு வரலாம்னு ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருந்தா போதும், அந்தப் பையனும் அத்தனை பேர்கிட்ட போய் நின்னிருக்க வேண்டியதில்ல. பாகூர்க்காரரே, முள்ளோடையில அன்னிக்கு உங்கள விட்டாங்களா இல்லையா?