அப்பு குடும்பம் (குழு, 2021)

ராசன் மாமா: அப்புவின் நினைவுக் கல்வெட்டுப் புத்தகம் நாளை அச்சுக்குப் போகிறது. இன்றிரவே பெயர்களைச் சரிபாருங்கள்.

பெரியம்மா: மருமக்கள் வரிசையில் என் வீட்டுக்காரரைக் காணவில்லை.

ராசன் மாமா: தட்டச்சுப் பிழை அக்கா.

பெரியம்மா: காணி உறுதியிலும் அப்படித்தான் பிழைத்தது.

வதனி: கவினுக்கு நான்காம் நாளும் காய்ச்சல். வயிற்றுவலி, வாந்தி. ஞாயிறு அப்புவின் 31ஆம் நாள் அந்தியேட்டிக்குக் கீரிமலைக்கு வர முடியுமோ தெரியவில்லை.

பெரியம்மா: மாங்காய் தின்றிருப்பான். ஓமத்தண்ணீர் கொடு.

வதனி: இது மாங்காய்க் காலமா? டெங்கு இல்லை. சந்தி டொக்டர் குடல்வளரியாக (அப்பெண்டிக்ஸ்) இருக்கலாம் என்கிறார்.

சுதா (லண்டன்): கண் சிவந்திருக்கிறதா?

வதனி: ஓம் அக்கா. பீளை இல்லை. அழுததால் என்று விட்டுவிட்டேன்.

சுதா (லண்டன்): அப்புவின் எட்டுச்செலவில் பாதிப்பேர் இருமினீர்கள். அப்பு போய் இன்று 27ஆம் நாள். கொரோனா வந்துபோன 2 முதல் 6 கிழமைக்குள், அரிதாகச் சில பிள்ளைகளுக்கு எதிர்ப்புச் சக்தி அடங்காமல் உடம்பு முழுவதும் அழற்சியைக் கிளப்பும், MIS-C என்பார்கள். 2020 ஏப்ரலில் இங்கே எங்களுக்கு எச்சரிக்கை வந்தது. இருமல் லேசாக இருந்திருந்தாலும் வரலாம். கவின் மாதிரிப் பள்ளிக்கூட வயதில் பெரும்பாலும் வயிற்றில்தான் தொடங்கும். குடல்வளரி என்று வெட்டப் போனவர்களும் உண்டு.

குமார் அண்ணா: சோதித்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

ராசன் மாமா: சோதித்திருந்தால் படலையில் தனிமைப்படுத்தல் நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள். எட்டை யார் செய்வது?

பெரியம்மா: 🙏

மீரா: அக்கா, என் அபிக்கு 3 வயது. அவளுக்கும் வயிறா?

சுதா (லண்டன்): சின்னவர்களுக்கு அது கவாசாகி நோய்போல் (சிறு பிள்ளைகளின் இரத்தக்குழாய் அழற்சி) வரும். உடம்பில் தடிப்பு, வெடித்த உதடு, சிவந்து பொரிந்த நாக்கு, வீங்கிய உள்ளங்கை. பதின்ம வயதில்தான் இருதயம் கூடுதலாக அடிபடும், பிரஷர் விழும். துவாரகன் எப்படி?

ராசன் மாமா: மூன்று நாளாகப் போனோடு படுத்திருக்கிறான்.

சுதா (லண்டன்): காய்ச்சல்?

ராசன் மாமா: இல்லை.

குமார் அண்ணா: அது பரம்பரை நோய் 😄

சுதா (லண்டன்): வதனி, விடியும்வரை இருக்காதே. இப்போதே பெரியாஸ்பத்திரிக்குப் போ. இருமல் வந்த திகதியை மறைக்காமல் சொல்.

மீரா: அபியின் நாக்கைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறேன்.

சுதா (லண்டன்): அது நெக்டோ சோடா குடித்துச் சிவந்த நாக்கு.

குமார் அண்ணா: ஓட்டோ படலையில் நிற்கிறது வதனி.

(இரவு 11.40)

வதனி: வாட்டில் வைத்துவிட்டார்கள். குடல்வளரி இல்லையாம். கை சில்லென்று இருக்கிறது, ஊசி ஏற்றிய இடத்தை ஊதச் சொல்கிறான். காலையில் எக்கோ. எதற்கு அக்கா அது?

சுதா (லண்டன்): இருதயத்துக்கு இரத்தம் போகும் குழாய் புடைத்திருக்கிறதா, இருதயம் சரியாக அடிக்கிறதா என்று பார்க்க. நான் சொன்ன அழற்சிதான் இது என்றால் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புச் சக்திப் புரதத்தை நரம்பில் ஏற்றுவார்கள். பல மணி நேரம் மெல்ல ஏறும், பயப்படாதே. ஸ்டீரோயிடும் கொடுப்பார்கள். பெரும்பாலான பிள்ளைகள் தேறிவிடுவார்கள்.

பெரியம்மா: காலையில் இடியப்பம் நான் கொண்டுவருகிறேன். எத்தனையாம் வாட்டு?

ராசன் மாமா: அந்தியேட்டியைத் தள்ளிவைக்க முடியாது. வதனி குடும்பம் மதியச் சாப்பாட்டுக்காவது வருமா? ஐயருக்குத் தொகை சொல்ல வேண்டும்.

குமார் அண்ணா: ஐயருக்கும் சாப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம்?

ராசன் மாமா: அச்சகம் கூப்பிடுகிறது. அத்தானின் பெயரை எங்கே போடுவது, மேலேயா கீழேயா?

பெரியம்மா: உனக்குத் தெரியும்.