பவுடரை ராத்திரியே மொத்தமா குடிச்சிடலாமா?

*மல்லிகை குடியிருப்பு – பி பிளாக்*
வியாழன்

[காலை 7:10] ராமநாதன்: எல்லாருக்கும் வணக்கம். சனிக்கிழமை 11 மணிக்கு எனக்கு கொலோனோஸ்கோப்பி, பெருங்குடலுக்குள்ள கேமரா விட்டுப் பார்க்கிறது. குடலைச் சுத்தம் பண்ண 137 கிராம் பவுடர் பாக்கெட் ஒண்ணு குடுத்திருக்காங்க, 2 லிட்டர் தண்ணியில கலக்கணுமாம். வெள்ளிக்கிழமை ராத்திரியே மொத்தமா குடிச்சிட்டுத் தூங்கிடலாமா மேரி சிஸ்டர்?

[காலை 7:18] மேரி சிஸ்டர்: வேணாம் சார். பாதி ராத்திரி, பாதி விடியக்காலை. வெள்ளி சாயங்காலம் 6 மணிக்கு முதல் லிட்டர், சனி காலை 5 மணிக்கு ரெண்டாவது லிட்டர். 6:30க்குள்ள முடிச்சிடுங்க. அதுக்கப்புறம் தண்ணிகூட வேணாம், மயக்க மருந்து குடுப்பாங்க.

[காலை 7:19] மேரி சிஸ்டர்: 10-15 நிமிஷத்துக்கு ஒரு டம்ளர், 250 மில்லி. குமட்டினா அரை மணி நேரம் நிறுத்திட்டு மெதுவா ஆரம்பிங்க. ஃபிரிட்ஜ்ல வெச்சுக் குடிச்சா உப்புச்சுவை அவ்வளவா தெரியாது. ஆனா தண்ணியைக் குறைச்சுக் கெட்டியா கலக்காதீங்க.

[காலை 7:26] டாக்டர் கவிதா: காலையில ஏன் குடிக்கணும்னா: ராத்திரி முழுக்கச் சிறுகுடல்ல இருந்து பித்தமும் சளியும் இறங்கிக்கிட்டே இருக்கும். அது பெருங்குடல் தொடங்குற இடத்துல, வலது பக்கம், சுவர்மேல பூசினாப்ல படிஞ்சிடும். அந்தப் பக்கம் வர்ற சில பாலிப் (சுவர்ல முளைக்கிற சதை) தட்டையா இருக்கும், அதுமேலயே சளி மூடியிருக்கும். காலை டோஸ் கழுவலேன்னா கேமரா அதைத் தாண்டிப் போயிடும். ‘நார்மல்’னு ரிப்போர்ட் வரும், பாலிப் உள்ளேயே இருக்கும்.

[காலை 7:31] ராமநாதன்: சுத்தமாயிடுச்சுன்னு எப்படித் தெரியும்?

[காலை 7:33] மேரி சிஸ்டர்: கடைசியா போறது வெளிர் மஞ்சள் தண்ணியா, அடி தெரியிற மாதிரி இருக்கணும். பழுப்பா கலங்கலா இருந்தா கிளம்புறதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிச் சொல்லுங்க. மறைச்சுட்டு வந்தா பாதியில நிறுத்தி இன்னொரு நாள் வரச் சொல்வாங்க, மறுபடி பவுடர்.

[காலை 7:40] மேரி சிஸ்டர்: இன்னிலருந்தே கீரை, கேழ்வரகு, கொய்யா, தக்காளி விதை, எள்ளு, கடுகு வேணாம். கடுகு சின்னதுதான், ஆனா கேமராவோட உறிஞ்சுற குழாயை அடைக்கிறதே அந்த மாதிரி விதைதான். தாளிக்காத தயிர்சாதம், இட்லி, முட்டை சாப்பிடலாம். நாளைக்குக் காலையில சர்க்கரை தொட்டு ரெண்டு இட்லி, அதோட சரி. அப்புறம் வழுக்கை இல்லாத இளநீர், பால் விடாத டீ, வடிகட்டின எலுமிச்சை ஜூஸ், வடிகட்டின சூப். சிவப்பு கலர்ல எதுவும் வேணாம், உள்ளே ரத்தம் மாதிரியே தெரியும். (கிட்னி பிரச்சினை இருக்கிறவங்களுக்கு இளநீர் வேணாம், பொட்டாசியம் ஏறும்.)

[காலை 7:52] ரஃபி மெடிக்கல்ஸ்: சார், இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுறீங்களா? ஒரு வாரம் முன்னாடியே நிறுத்தியிருக்கணும், மலம் கறுத்துச் சுவர்ல ஒட்டிக்கும். சாப்பிட்டிருந்தா இப்பவே ஆஸ்பத்திரில சொல்லிடுங்க. குளோபிடோக்ரெல் மாதிரி ரத்தத்தை இளக்குற மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க, ஸ்டென்ட் வெச்ச டாக்டரைக் கேட்டுத்தான். சுகர் மாத்திரையில கிளிமெபிரைடு போட்டுட்டு வெறும் தண்ணியில இருந்தா சுகர் இறங்கிடும். டாபாகிளிஃப்ளோசின்னா 3 நாள் முன்னாடி நிறுத்துறது வழக்கம். இன்னிக்கே டாக்டர்கிட்ட பேசிடுங்க.

[காலை 8:15] சேகர் ஏ-4: _பகிரப்பட்டது_ மாசம் ஒரு முறை வெறும் வயிற்றில் விளக்கெண்ணெய் குடித்தால் குடல் சுத்தமாகி புற்றுநோய் வரவே வராது. அனைவருக்கும் பகிரவும் 🙏

[காலை 8:22] டாக்டர் கவிதா: சேகர் அண்ணா, பேதி ஆனா உள்ளே இருக்கிற மலம்தான் போகும். பாலிப் சுவர்லயே முளைச்ச சதை, அதை எண்ணெய் பிடுங்காது. பாலிப் புற்றுநோயா மாறினாலும் பெரும்பாலும் அதுக்கு 10 வருஷம் போல ஆகும். அந்த இடைவெளியில கேமராக் குழாய் வழியா கம்பிக் கண்ணி போட்டு அறுத்து எடுத்துட்டா அது புற்றுநோய் ஆகாது. சனிக்கிழமை சாருக்குப் பாலிப் இருந்தா பண்ணப்போறது அதுதான்.

[காலை 8:25] சேகர் ஏ-4: சரிம்மா, அழிச்சிடறேன்.

[காலை 8:41] லட்சுமி பி-6: டாக்டர், மலத்துல ரத்தம் வந்தா மூலம்தானே? மருந்துக்கடையில களிம்பு வாங்கிப் போட்டுப் பார்க்கலாமா?

[காலை 8:50] டாக்டர் கவிதா: வேணாம் லட்சுமி. மூலம்னா பளிச்சுனு சிவப்பா, போனதுக்கப்புறம் சொட்டும். மலத்தோட கலந்து, சளியோட வந்தா கட்டியோன்னு சந்தேகம் அதிகம். ஆனா ரத்தத்தைப் பார்த்து மட்டும் யாராலயும் உறுதியா சொல்ல முடியாது, மூலமும் கட்டியும் ஒரே ஆளுக்கு இருக்கலாம். டாக்டர் முதல்ல விரல் விட்டுப் பார்க்கணும். மலக்குடல் கட்டி நிறைய பேருக்கு விரலுக்கே தட்டுப்படும். கூச்சப்பட்டுத் தள்ளிப்போட வேண்டிய விஷயமே இல்ல.

[காலை 8:52] டாக்டர் கவிதா: வலது பக்கக் கட்டியில ரத்தம் கண்ணுக்கே தெரியாம கசியும், பல தடவை ரத்தசோகை மட்டும்தான் அடையாளம். ஆம்பளைங்களுக்கும் மாதவிடாய் நின்ன பொம்பளைங்களுக்கும் இரும்புச்சத்து குறைஞ்சா மாத்திரை மட்டும் குடுத்து அனுப்பக் கூடாது, குடலையும் பார்க்கணும்.

[காலை 9:03] லட்சுமி பி-6: எனக்கு ரத்தம் எதுவும் வரல. ஆனா அண்ணனுக்கு 46 வயசுல பெருங்குடல் கேன்சர்னு கண்டுபிடிச்சாங்க.

[காலை 9:07] டாக்டர் கவிதா: அப்போ உங்களுக்குக் கணக்கு வேற. அப்பா, அம்மா, கூடப்பிறந்தவங்க, பிள்ளைங்க யாருக்காவது இருந்தா 40 வயசு, இல்லேன்னா அவங்க வயசுல 10 கழிச்சது, எது முன்னாடி வருதோ அது. உங்களுக்கு 36. அது தாண்டியிருந்தா இந்த மாசமே ஸ்கோப்பிக்கு நேரம் வாங்குங்க, அப்புறம் 5 வருஷத்துக்கு ஒரு தடவை. அண்ணனோட பயாப்சியில லிஞ்ச் (பரம்பரையா கேன்சர் வர்ற குறை) சோதனை பண்ணாங்களான்னும் கேளுங்க, இருந்தா கணக்கு இன்னும் மாறும்.

[காலை 9:15] ரஃபி மெடிக்கல்ஸ்: குடும்பத்துல யாருக்கும் இல்லேன்னா 45லருந்து வருஷம் ஒரு தடவை மலத்துல கண்ணுக்குத் தெரியாத ரத்தம் பார்க்கிற ‘ஃபிட்’ டெஸ்ட் போதும்தானே டாக்டர்?

[காலை 9:19] டாக்டர் கவிதா: போதும். பத்தியம் வேணாம். டாய்லெட் தண்ணி படாம பேப்பர் மேல எடுத்து, குச்சியால நாலஞ்சு இடத்துல சுரண்டணும். வெயில்ல வண்டிப் பெட்டிக்குள்ள வெச்சா ரத்தப்புரதம் சிதைஞ்சு, இருந்தும் இல்லேன்னு வந்துடும். பாசிட்டிவ்னா ‘இன்னொரு தடவை பார்ப்போம்’ கிடையாது, நேரா கொலோனோஸ்கோப்பி. கண்ணுக்கே ரத்தம் தெரியிறவங்களுக்கும் ஃபிட் வேணாம், நேரா ஸ்கோப்பிதான்.

[காலை 9:24] டாக்டர் கவிதா: ராமநாதன் சார், ரிப்போர்ட் வாங்கும்போது கேளுங்க: பெருங்குடல் தொடங்குற முனை வரைக்கும் போனாங்களா, சுத்தம் எப்படி இருந்துச்சு, பாலிப் எத்தனை, எத்தனை மில்லிமீட்டர். 10 மில்லிமீட்டரோ அதுக்கு மேலயோ எடுத்திருந்தா பொதுவா 3 வருஷத்துல மறுபடி பார்க்கணும். எதுவும் இல்லேன்னா 10 வருஷம். எடுத்த இடத்துல ரெண்டு வாரம் வரைக்கும் ரத்தம் வரலாம். நிறைய வந்தாலோ, வயித்துவலியோட காய்ச்சல் வந்தாலோ ராத்திரின்னு பார்க்காம கிளம்பிடுங்க.

[காலை 9:30] மேரி சிஸ்டர்: அன்னிக்கு நீங்க வண்டி ஓட்டக் கூடாது சார், மயக்க மருந்து. கூட ஒருத்தர் வேணும்.

[காலை 9:32] சேகர் ஏ-4: நான் கூட்டிட்டுப் போறேன் சார். சனிக்கிழமை 9:45க்கு கீழ கேட்ல காரோட நிக்கிறேன்.