வீட்டில் கிட்டார் பழக ட்ரம்ஸ் சேர்க்கிறேன், சாக்குக்குள்ளிருந்து வருகிற மாதிரி சத்தம்

கல்லடி_ஆறுதந்தி:

இரண்டு வருடமாக வீட்டில் தனியாகத்தான் பழகுகிறேன். கையில் ஒரு எலக்ட்ரிக் கிட்டார், 15 வாட் அம்ப், பழைய லேப்டாப், போன், அவ்வளவுதான். போன மாதம் சொந்தத்தில் ஒரு பிறந்தநாள் வீட்டில் பைலா ஆட்டப்பாட்டு வாசிக்கச் சொன்னார்கள். கூட கஹோன் என்கிற பெட்டி ட்ரம் அடித்த பொடியன் பாதியிலேயே கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். நான் தாளத்தில் அவனை விட்டுவிட்டு வேகமாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறேன்! டிக் டிக் என்று தாளம் காட்டுகிற மெட்ரோனோம் போட்டுப் பார்த்தேன், பத்து நிமிடத்தில் நித்திரை வருகிறது. அதனால் போனில் ஒரு ட்ரம்ஸ் ஆப் இறக்கி, வயர் போட்டு அம்பின் ஆக்ஸ் துளையில் கொடுத்தேன். கிக் என்கிற பெரிய ட்ரம் பரவாயில்லை, ஆனால் சிம்பல், ஹைஹாட் தட்டுகள் எல்லாம் சாக்குக்குள் போட்டுக் கட்டின மாதிரி. லேப்டாப்பில் போட்டால் கூடவே ம்ம்ம் என்று ஒரு இரைச்சல். ட்ரம் மெஷின் வாங்கவா, வாசித்ததைப் பதிந்து திருப்பிப் போடுகிற லூப்பர் பெடல் வாங்கவா? இரவு ஒன்பதுக்குப் பிறகுதான் நேரம் கிடைக்கும், பக்கத்து அறையில் அம்மா படுத்திருப்பார், அதையும் யோசித்துச் சொல்லுங்கள்.

வாவிக்கரை_பேஸ்:

ஒன்றும் வாங்காதே, பொறு. கிட்டார் அம்பில் இருக்கிற ஸ்பீக்கர் கிட்டாருக்கென்றே செய்தது, ஏறக்குறைய 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே அதில் சத்தம் சரிந்துவிடும். சிம்பலின் மினுக்கம் எல்லாம் அதற்கு மேலேதான் இருக்கிறது. எத்தனை ஆயிரம் கொடுத்து மெஷின் வாங்கினாலும் அதே அம்புக்குள் விட்டால் அதே சாக்குச் சத்தம்தான் வரும். சந்தேகம் என்றால் போனில் நேரே ஹெட்போனைச் செருகி அதே ட்ரம்ஸைக் கேட்டுப் பார், வித்தியாசம் உடனே விளங்கும்.

வீட்டில் பாட்டுக் கேட்கிற ஸ்பீக்கர் ஏதாவது இருக்கும்தானே? ட்ரம்ஸை அதில் விடு, கிட்டார் மட்டும் அம்பில் வரட்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வை, ட்ரம்ஸ் ஒரு மூலையில் நீ ஒரு மூலையில் என்றால் சேர்ந்து வாசிக்கிற உணர்வே வராது.

இரைச்சல் பெரும்பாலும் லேப்டாப் சார்ஜரால் வருவது, எர்த் இரண்டு வழியாகச் சுற்றுகிறது. சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட விடு. யாராவது அம்ப் பிளக்கின் எர்த் பின்னை உடைக்கச் சொன்னால் கேட்காதே, 230 வோல்ட், விளையாட்டில்லை.

அக்கரைப்பற்று_ரிதம்:

ஸ்பீக்கர் விஷயத்தில் அவர் சொல்வது சரி. ஆனால் புளூடூத் ஸ்பீக்கர் மட்டும் வேண்டாம், சத்தம் பிந்தி வரும், தாளம் பிசகும்.

வாவிக்கரை_பேஸ்:

அது பாதிக் கதை. ட்ரம்ஸ் மட்டும் புளூடூத்தில் வந்தால் பிந்துவது உனக்குத் தெரியவே தெரியாது, ஏனென்றால் காதில் விழுகிற அடிக்குத்தானே வாசிக்கிறாய். கிட்டாரையும் போனுக்குள் விட்டு அதே புளூடூத்தில் கேட்டால்தான் தந்தியைத் தட்டிக் கொஞ்ச நேரம் கழித்துச் சத்தம் வரும். இரவில் புளூடூத் ஹெட்போன் போட்டு வாசிக்கலாம் என்று யாரும் கிளம்பாமல் இருந்தால் சரி.

அக்கரைப்பற்று_ரிதம்:

ஓம், நான் மாட்டியது அப்படித்தான். ஒத்துக்கொள்கிறேன். தம்பி, உன் அம்பில் ஹெட்போன் துளை இருந்தால் வயர் ஹெட்போனைப் போடு, ட்ரம்ஸ் ஆக்ஸ் வழியாக வரட்டும், அம்மா எழும்பமாட்டார். லூப்பர் நல்ல சாமான்தான், ஆனால் தாளம் ஓடுகிற ஆளுக்கு அது இப்போது உதவாது. நீ ஓடி வாசித்ததைத்தான் அது திருப்பித் திருப்பிப் போட்டுக்காட்டும்!

பழைய_பைலாக்காரன்:

தம்பி, நான் இளவயதில் இங்கே பறங்கியர் கலியாண வீடுகளில் வாசித்தவன், கப்ரிஞ்ஞா என்கிற அவர்களுடைய ஆட்டப்பாட்டு தொடங்கினால் ஆடுகிற ஆட்கள் நிற்கவிடமாட்டார்கள், கையில் தாளம் இல்லாதவன் அன்றே தெரிந்துவிடுவான். நீ ஆப்பில் எந்தத் தாளத்தைப் போடுகிறாய்? முதலில் வருவது 4/4, நாலு எண்ணுகிற ராக் அடியாகத்தான் இருக்கும். பைலா 6/8, ஆறு எண்ணுகிற தாளம். 4/4 மேல் பைலா ஸ்ட்ரம் போட்டால் ஓடாமல் என்ன செய்வாய்?

லேப்டாப்பில் ஹைட்ரஜன் என்று ஒரு ட்ரம் மென்பொருள் இருக்கிறது, இலவசம். 6/8க்கு ஒரு பேட்டர்ன் நீயே போடு. ஆறு எண்ணு, 1இல் கிக், 4இல் ஸ்னேர் என்கிற சின்ன ட்ரம், ஆறிலும் ஹைஹாட், 1உம் 4உம் கொஞ்சம் அழுத்தம். இதற்கு மேல் ஒரு அலங்காரமும் வேண்டாம், உருட்டல் புரட்டல் எல்லாம் வைத்தால் ட்ரம்ஸைக் கேட்டு ரசித்துக்கொண்டு இருப்பாய். மெதுவாக, வலது கை தளர்ந்து போகிற வேகத்தில் தொடங்கு.

அப்புறம் ஒரு வேலை செய். அதே பேட்டர்னை மூன்று தடவை போட்டு, நாலாவது தடவைக்கு ஒன்றுமே இல்லாத வெறும் பேட்டர்ன் வை. ட்ரம்ஸ் நிற்கும், நீ நிறுத்தாதே. திரும்ப கிக் விழுகிற இடத்தில் உன் 1 விழுகிறதா பார்.

கல்லடி_ஆறுதந்தி:

எல்லோருக்கும் நன்றி. அண்ணா சொன்னது சரி, போட்டிருந்தது 4/4தான், வெட்கமாக இருக்கிறது. சார்ஜரைக் கழற்றினேன், இரைச்சல் போய்விட்டது. டிவிக்குப் பக்கத்தில் சும்மா கிடந்த ஸ்பீக்கரை எடுத்து அம்புக்கு மேல் வைத்து ட்ரம்ஸை அதில் விட்டேன், ஹைஹாட் இப்போது ஹைஹாட் மாதிரிக் கேட்கிறது.

வெறும் பேட்டர்ன்தான் ஆளைக் கொல்கிறது. கிக் வருவதற்கு முன்னாலேயே நான் அடுத்த கோர்டில் போய் நிற்கிறேன், ஒவ்வொரு தடவையும். நேற்று இரவு முக்கால் மணித்தியாலம் முயன்று இரண்டே தடவைதான் சரியாக விழுந்தது. இரண்டாவது தடவை சந்தோஷத்தில் ஹெட்போனோடு சத்தமாகக் கத்திவிட்டேன், அம்மா எழும்பி வந்துவிட்டார்.