இலவசப் பறை வகுப்பில் உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

சனிக்கிழமை அக்கா:
சென்னை நகருக்குள்ளிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களைக் குடியமர்த்திய கண்ணகி நகரில் நடக்கும் வகுப்பில் வருகைப் பதிவேடு எழுதுகிறவள் நான். எனக்குப் பறை இசைக்கத் தெரியாது. பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் ஆறு மாதம் ஒரு வாரம்கூடத் தவறாமல் வந்தான். ஆசான் புதிய அடி ஒன்றைச் சொல்லிக்கொடுத்தால் எல்லோருக்கும் முன்னால் அவன் கை அதைப் பிடித்துவிடும். பொங்கலையொட்டி மயிலாப்பூரில் ஒரு பூங்காவில் நிகழ்ச்சி. மற்றவர்கள் வேனில் ஏறிவிட்டார்கள், இவன் மட்டும் கேட்டருகே நின்றான். "அக்கா, இங்கே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அடிக்கிறேன். மயிலாப்பூரில் அடிக்க மாட்டேன்" என்றான். நேரமாகிவிட்டிருந்தது. "சரி" என்று அவனுடைய பறையை வாங்கி வேறொருவனிடம் கொடுத்துவிட்டேன். வேன் திரும்பும்போது பார்த்தேன்: கேட்டின் இரும்புக் கம்பியில் அவன் விரல்கள் நிகழ்ச்சியின் முதல் அடியைத் தட்டிக்கொண்டிருந்தன. அதன் பிறகு அவன் வரவில்லை. ஏன் என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும், இல்லையா?

புளியந்தோப்பு மாணவி:
அந்தத் தம்பியின் நிலை எனக்குப் புரிகிறது. நான் பதினொன்றாம் வகுப்பில் படித்தபோது பஸ்ஸில் பறைப் பையின் நாடா அறுந்துவிட்டது. பறையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "யார் வீட்டில் சாவு, கண்ணு?" என்று கேட்டார். ஏளனமே இல்லை, உண்மையான துக்கத்தோடு கேட்டார். வகுப்புக்குப் போகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "தாத்தா" என்றேன். தாத்தா அப்போது உயிரோடு இருந்தார். இறங்கும் வரை அந்தப் பாட்டி என் கையை விடவில்லை. 2025இல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்த அன்று எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தக் கைதான். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

மூன்று பிள்ளைகளின் அப்பா:
சனிக்கிழமை அக்கா, நீங்கள் செய்தது தவறு. பறையை வேறு ஆளிடம் கொடுத்த அந்த நொடியில் அவனுக்கு இனி இடமில்லை என்று ஆகிவிட்டது. என் மூத்தவனும் இப்படித்தான் ஒரு நாடக வகுப்பிலிருந்து நின்றான். ஒரு வாரம் போகவில்லை, அடுத்த வாரம் அவனுடைய வேடத்தில் வேறு பையன்.

வகுப்பு நடத்துகிறவர்களுக்குச் சில விஷயங்கள் சொல்ல வேண்டும். கட்டணம் வாங்காததாலேயே பிள்ளைக்குச் செலவில்லை என்று ஆகிவிடாது. அரசுப் பள்ளிப் பிள்ளையின் இலவசப் பஸ் பாஸ் வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையிலான வழிக்கு மட்டும்தான். 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, ஆகவே பெண் பிள்ளை வந்துவிடுவாள், பையன் காசு தேடுவான். வகுப்பில் பையன்கள் குறைகிறார்கள் என்றால் முதலில் இதைப் பாருங்கள். இரண்டாவது, சனிக்கிழமை என்பது பல வீடுகளில் கூலி நாள். கேட்டரிங் வேலைக்கோ, கடைக்கோ அனுப்புவார்கள். மூன்று மணி நேரம் பறை என்றால் அந்தக் கூலி போயிற்று. சுண்டலோ, முட்டையோ, வயிற்றுக்கு ஏதாவது கொடுங்கள். பெற்றோரை ஒரு முறையாவது உட்காரவைத்துப் பேசுங்கள். 2022இல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா தொடங்கியபோது மாநில அளவில் வென்றவர்களுக்குக் கலையரசன், கலையரசி என்று பட்டம் கொடுத்தார்கள். அதைச் சொல்லுங்கள், அம்மாக்கள் காதுகொடுத்துக் கேட்பார்கள். கடைசியாக, தோல் பறையை விட்டுவிட்டு ஃபைபர் பறை வாங்குங்கள். மழைக்கும் தாங்கும், காய்ச்சும் வேலையும் இல்லை.

ஈரத்தோல்:
ஐயா, பஸ் கணக்கு சரி. ஃபைபர் பறை பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்ள மாட்டேன். கார்த்திகை மழையில் ஒரு சனிக்கிழமை பறைகள் எல்லாம் தொய்ந்து, அடிக்குச்சியால் அடித்தால் ஈரச் சாக்கில் அடித்ததுபோலச் சத்தம். குடியிருப்பு மாடியில் பழைய செய்தித்தாள்களைக் கொளுத்தி, பிள்ளைகள் வட்டமாக நின்று தோலைச் சூடுகாட்டினார்கள். புகையைப் பார்த்துக் கீழ்வீட்டு அம்மா ஒரு வாளித் தண்ணீரோடு ஓடிவந்தார். எங்கள் குழுவில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, நாலு பேர் முன்னால் தன் பெயரைச் சொல்லவே தலைகுனிகிறவள், "ஊற்றாதீர்கள் அம்மா, இன்னும் காயவில்லை!" என்று அவர் முன்னால் கையை விரித்து நின்றுவிட்டாள். பிறகு சூடான தோலில் மெல்லிய சுண்டுக்குச்சியால் ஒரு தட்டுத் தட்டிக் காட்டினாள். கணீரென்று இருந்தது. அந்த அம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டு, "இன்னொரு தடவை அடி" என்றார். ஃபைபரில் அடிப்பதற்கு முன் யாரும் எதற்கும் காத்திருக்க வேண்டாம். எனக்கு அந்தக் காத்திருப்பு வேண்டும்.

சனிக்கிழமை அக்கா, பஸ் காசு காரணமாக இருக்காது என்றே தோன்றுகிறது. நீங்கள்தான் வேன் வைத்திருந்தீர்களே. கண்ணகி நகரிலிருந்து எத்தனையோ அம்மாக்கள் இன்றும் மயிலாப்பூருக்கு வீட்டுவேலைக்குப் போகிறார்கள். அவனுடைய அம்மா எங்கே வேலை செய்கிறார்?

சனிக்கிழமை அக்கா:
தெரியாது. பதிவேட்டில் பெயர், வகுப்பு, பிளாக் எண் என்று மூன்று கட்டங்கள்தான் போட்டிருக்கிறேன். பிளாக் எண் இருக்கிறது. இந்தச் சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் அவன் வீட்டுக்குப் போகிறேன். பறையைக் கையோடு எடுத்துப் போகலாமா, அவனுடைய அம்மாவிடம் பேசிய பிறகு கொடுக்கலாமா என்று சொல்லுங்கள்.